டாக்டரையா காரில் காணாமல் போன பிஸ்டன்கள்

‘தெரியாது’ என்று சொல்வது சுலபம் என்று நினைப்பவர்கள், கையில் ஸ்பெனரோடு ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று பார்த்ததில்லை. நான் நின்றிருக்கிறேன். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும். அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக வாயிலிருந்து வேறு ஏதாவது வெளியே குதிக்கும். எனக்கு வெளியே குதித்தது, என் சொந்த அப்பாவைத் திருடனாக்குகிற ஒரு வாக்கியம்.

அப்போது எனக்கு இருபது வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ராத்திரி வாச்சர். கொழுந்து லொறி நிற்கும் ஷெட்டைக் காவல் காப்பது அவருடைய வேலை. நான் ஓ.லெவல் முடித்துவிட்டுச் சும்மா இருந்ததால், ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதத் தையல் வகுப்பில் சேர்க்க என்னைக் கூட்டிப்போனார். தையலில் இடம் முடிந்திருந்தது. “மோட்டார் மெக்கானிக் வகுப்பில்தான் இடம் இருக்கு” என்றார் அங்கிருந்த கிளாக்கர். எங்களைத் திருப்பி அனுப்ப அது ஒரு மரியாதையான வழி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்பாவோ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“அதுல போடுங்கய்யா. புள்ள படிக்கட்டும்.”

(நான் தலையாட்டினேனா இல்லையா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு.)

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஒரு பழைய ஜீப் எஞ்சினைக் குறுக்கே வெட்டி, பிஸ்டனுக்குச் சிவப்பு, வால்வுக்கு நீலம் என்று வர்ணம் பூசி, இரும்புத் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் நான்கு பிஸ்டன்களும் சமர்த்தாக ஏறி இறங்கும். ஆறு மாதமும் அதைத்தான் படித்தோம். அது ஓடாத எஞ்சின். ஓடாததால் பழுதாகவும் இல்லை. ஆகவே, ஓடுகிற எஞ்சின் ஒன்று பழுதானால் என்ன செய்வது என்பதைத் தவிர மற்ற எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது.

சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் மாட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று சரியாக விரல் வைத்துக் காட்டுவார். எங்கள் வீட்டில் விபூதி எடுக்க வருகிறவர்கள் என் சான்றிதழையும் பார்த்துவிட்டுத்தான் நகர முடியும்.

இந்த நிலைமையில்தான் டாக்டரையா கார் வாங்கினார்.

டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் வெகுகாலமாக இருந்தார். மருந்திலும் பேச்சிலும் சிக்கனம். கொழும்பிலிருந்த அவருடைய கூட்டாளி ஒருவர், யாரும் சீந்தாமல் மலிவாகக் கிடந்த ஒரு ஜப்பான் காரை அவர் தலையில் கட்டிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அது தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மிளகாய்ப் பழச் சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பொத்தானை அமுக்கினால் முன்விளக்குகள் மூடியிருந்த இடத்திலிருந்து கண் விழித்ததுபோல் எழுந்து நிற்கும். லயத்துப் பிள்ளைகள் அந்த விளக்கைப் பார்ப்பதற்காகவே இல்லாத காய்ச்சலை எல்லாம் சொல்லிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். ஓட்டி வந்த கொழும்பு டிரைவர், சாவியைக் கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அன்று சாயங்காலமே ஷெட்டுக்கு முன்னால் பூசை. காரைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தோம். புது வண்டி என்றால் முதலில் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். டாக்டரையா ஸ்டார்ட் பண்ணி ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது, முற்றம் சரிவு என்பதால் உருண்டு ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் போய்விட்டது.

“இஞ்சருங்கோ, எஞ்சினை நிப்பாட்டுங்கோ” என்றார் அவர் மனைவி டாக்டரம்மா. “முதல்ல இருந்து செய்யவேணும். எஞ்சின் ஓடேக்க, பெற்றோல் காருக்குப் பக்கத்தில சூடம் கொளுத்தக்கூடாது.”

நியாயமான பேச்சு. நிப்பாட்டினார். புதிதாக நாலு பழம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஒரு சாண். இந்த முறை பின்சக்கரத்துப் பழம் ஒன்று பாதிதான் நசுங்கியது. பாதி நசுங்கினால் கணக்கில் சேருமா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. சேராது என்று முடிவாகி, மறுபடி நிப்பாட்டி, மறுபடி பழம், மறுபடி சூடம், மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஒரு சாண், மறுபடி நிப்பாட்டல். மூன்றாவது தடவை எல்லாப் பழமும் சக்கையாகியது. டாக்டரம்மாவின் முகத்தில் நிம்மதி. இனி எதற்கு ஸ்டார்ட் பண்ணிப் பெட்ரோலைச் செலவழிப்பது என்று டாக்டரையா சொன்னதால், காரை எல்லோரும் சேர்ந்து கையாலேயே ஷெட்டுக்குள் தள்ளி விட்டோம்.

அன்று ராத்திரி அப்பா காவல். வழக்கமாக ஷெட்டின் மூலையில் சாக்கை விரித்துச் சாய்ந்துகொள்பவர், அன்று காருக்கு நேரெதிரே ஸ்டூலைப் போட்டு, விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை டாக்டரையாவும் டாக்டரம்மாவும் நுவரெலியாவுக்கு முதல் பயணம் புறப்பட வந்தார்கள். டாக்டரம்மா பட்டுச் சேலை, கையில் இடியப்பப் பார்சல். ஐயா கோட் போட்டிருந்தார். வளைந்து நெளிந்து உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிரு கிரு கிரு என்று சுற்றியது. சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினார். ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாசனை. கொழுந்து லொறி டிரைவர் பண்டா அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். மரியாதையாக மூடினார்.

“மட்ட பே, டாக்டர் மாத்தயா” என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். “எனக்கு டீசல் லொறி மட்டும்தான் தெரியும்.”

தன்னால் முடியாது என்று ஒரு மனிதன் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று பீடியைத் தேடினான் பாருங்கள். (பெட்ரோல் வாசனைக்கு அப்பா அவரை வெளியே துரத்தியது வேறு கதை.) அந்த அழகு எனக்கு வரவில்லை. ஏனென்றால், ஷெட் வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்த நிமிடமே அப்பாவின் குரல் கேட்டது.

“டாக்டரையா, எம் மக இருக்காங்க. மோட்டாருக்குப் படிச்சவங்க.”

சொந்த மகளை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அந்த ஒரு ‘ங்க’தான் என்னைக் கெடுத்தது.

நான் லயத்துக்கு ஓடி ஸ்பெனர்களை அள்ளிக்கொண்டு வந்தபோது ஷெட்டுக்கு முன்னால் கூட்டம். காலையில் பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த பெண்கள், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்கிற ஆட்கள், எல்லோரும் நின்றார்கள். கூட்டம் வழிவிட்டது. நான் சேலை முந்தானையை இடுப்பில் செருகினேன். மெக்கானிக் என்றால் முதலில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்று நினைத்துச் சுற்றி வந்தேன். டயரை ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்டார்ட் ஆகாத காருக்கு டயரை எதற்குத் தட்டினேன் என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்குப் பிடித்திருந்தது.

மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

எஞ்சினைக் காணவில்லை. மேலே பெரிய வட்டமான காற்று வடிகட்டி ஒன்று. சுற்றிலும் ரப்பர் குழாய்கள், சிவனொளிபாத மலைக்குப் படியேறுகிற யாத்திரைக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. அதற்கெல்லாம் அடியில், மிகவும் உள்ளே தள்ளி, சோற்றுப்பானை அளவில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்கள் வகுப்பு எஞ்சினில் நாலு சிலிண்டர் வரிசையாக நிற்கும். தலையில் வால்வு மூடி இருக்கும். இதற்குத் தலையும் இல்லை, வரிசையும் இல்லை. பிளக்குகள் மேலே இருக்க வேண்டியவை; இதில் விலாவில் இரண்டுக்கு இரண்டாகச் செருகியிருந்தன.

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண் ஒருத்தி, “ஐயா, இது நான் படிச்ச மாதிரி எஞ்சின் இல்லைங்க” என்று சொல்லியிருப்பாள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கூட்டத்துக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, தூங்காத கண்ணோடு சிரித்துக்கொண்டு நின்றார். நான் ஸ்பெனரை எடுத்தேன்.

படித்ததை ஒவ்வொன்றாகச் செய்தேன். நாலு பிளக்கையும் கழற்றினேன். பெட்ரோலில் குளித்தது போலச் சொட்டின. துடைத்து, தகரத்தின் மேல் வெயிலில் வைத்தேன். (வடகம் காய்கிறதா என்று ஒரு அக்கா கேட்டார்.) பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றச் சொன்னேன். ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீச்சி என் முகத்தில் அடித்தது. விரலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். உள்ளே அழுத்தமே இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஒயில் ஊற்றிப் பார் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஊற்றினேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று மறந்துவிட்டதால் தாராளமாகவே ஊற்றினேன்.

அடுத்ததுதான் பெரிய பரீட்சை. பிளக் ஓட்டையில் ஒரு ஈர்க்கைச் செருகி எஞ்சினைச் சுற்றினால், பிஸ்டன் மேலே வரும்போது ஈர்க்கும் ஏறும், இறங்கும்போது இறங்கும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிச் செருகினேன். டாக்டரையா சாவியைத் திருப்பினார். ஈர்க்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டக் என்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் நுனியைக் காணவில்லை. உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு கடித்த மாதிரி இருந்தது. இன்னொரு ஓட்டையிலும் செய்து பார்த்தேன். அதிலும் கடி.

அதோடு பெட்டரியும் களைத்துவிட்டது. விளக்கு மினுங்கும் அளவுக்கு உயிர் இருந்தது. எஞ்சினைச் சுற்றத் தெம்பில்லை. இனிப் பரீட்சை செய்ய ஒன்றும் பாக்கியில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். முகத்தில் ஒயில்.

டாக்டரம்மா இடியப்பப் பார்சலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “பிள்ளைக்குத் தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லட்டும். நேரம் போகுது” என்றார்.

அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அதை நான் பார்த்தேன். அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது.

“இதுல பிஸ்டன் இல்லைங்க. வால்வும் இல்லை. பாதி எஞ்சினை யாரோ கழட்டி எடுத்துட்டாங்க.”

கூட்டம் ‘ஆ’ என்றது. வாழ்க்கையில் என் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

கொழும்பு கராஜ்களில் ஜப்பான் சாமான்களைக் கழற்றி விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் கொழும்பை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் டாக்டரையா படித்தவர், யோசிக்கிறவர்.

“கொழும்பில எண்டால் இஞ்ச வரைக்கும் எப்பிடி ஏறி வந்தது? நேற்றுப் பின்னேரம் நானே மூண்டு தரம் ஸ்டார்ட் பண்ணினனான். அப்ப பிஸ்டன் இருந்திருக்கு. இரவுதான் போயிருக்கு.” சுற்றிப் பார்த்தார். “இரவு இந்த ஷெட்டில காவலுக்கு நிண்டது ஆர்?”

கூட்டம் மொத்தமாக அப்பா பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஈர்க்கை வைத்து, ஒயில் ஊற்றி, விஞ்ஞான முறைப்படி கண்டுபிடித்த திருடன் என் அப்பா.

“எஞ்சினை இறக்காம எப்படி பிஸ்டன் எடுக்கிறது?” என்று பண்டா அண்ணன் மெதுவாகக் கேட்டார். அன்று அங்கே கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் தோட்டத்து மேனேஜர் பெரியதொரையின் ஜீப் வந்துவிட்டது.

பெரியதொரை சிங்களவர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். கதையைக் கேட்டார். தோட்டத்துக்குள் களவு, அதுவும் வாச்சர் இருக்கும்போதே களவு. வாச்சர் தூங்கினான் என்றால் வேலை போகும். களவுக்கும் உடந்தை என்றால் பொலிஸ். எங்கள் வீட்டில் நாலு பேர். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. என் முகத்து ஒயிலோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது.

“ராமையா, ராவுல தூங்கினியா?”

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இல்லைங்க தொரை. கண்ணக்கூட மூடல.”

“அப்ப பிஸ்டன் எங்கே?”

அப்பா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“எம் மக படிச்சவங்க. அவங்க இல்லன்னு சொன்னா இருக்காதுங்க. அப்படீன்னா... நான்தான் தூங்கியிருக்கணும் தொரை.”

“இல்லைங்க தொரை!” என்று கத்தினேன். “எனக்குச் சரியாத் தெரியாதுங்க! ஒருவேளை பிஸ்டன் வேற எங்கயாச்சும் இருக்கும்!”

வர மறுத்த ‘தெரியாது’ இப்போது தாராளமாக வந்தது. வந்து என்ன பயன்? “தகப்பனைக் காப்பாத்தப் பொய் சொல்லுது, பாவம்” என்றார் டாக்டரம்மா. கூட்டமும் தலையை ஆட்டியது. பொய் சொன்னபோது நம்பிய அத்தனை பேரும், உண்மை சொன்னபோது எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். “அழாத புள்ள, நீ சொன்னது சரிதான்” என்று அப்பாவே எனக்கு ஆறுதல் சொன்னார்.

பெரியதொரை முடிவு சொன்னார். காரை ஸ்டோர் முற்றத்துக்கு இழுத்துப்போய்ப் பூட்டி வைக்க வேண்டும். பிறகு பொலிஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். “நீ கழட்டினதெல்லாம் பழையபடி பூட்டு” என்று என்னிடம் சொன்னார். வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்த பிளக்குகளை விம்மிக்கொண்டே பூட்டினேன்.

கொழுந்து லொறியின் பின்னால் காரைக் கயிற்றால் கட்டினார்கள். டாக்டரையா ஸ்டியரிங் பிடிக்க உட்கார்ந்தார். அதற்காகச் சாவியையும் போட்டார். இதற்கு முன் அவர் கட்டியிழுக்கும் காரில் உட்கார்ந்ததில்லை. நடுக்கத்தில் கியரும் விழுந்திருக்கிறது. பண்டா அண்ணன் லொறியைக் கிளப்பினார். கார் பின்னால் உருண்டு, ஸ்டோருக்குப் போகும் வளைவில் லொறி ஒரு வெட்டு வெட்டி இழுத்ததும், டாக்டரையா பயந்துபோய்க் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

டமார்!

அப்படியொரு வெடியை எங்கள் தோட்டம் தீபாவளிக்கும் கேட்டதில்லை. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு காரின் பின்னாலிருந்து வெள்ளைப் புகை, நான் ஊற்றிய ஒயில் முழுவதும் புகையாகி, பாதை, பெரியதொரை, டாக்டரம்மா, இடியப்பம் எல்லாவற்றையும் மூடியது. புகைக்குள்ளே இரண்டு விளக்குகள் எழுந்து நின்றன. எஞ்சின் ஊஊஊ என்று உறுமிக்கொண்டு ஓடியது. டாக்டரையா லொறியை இடித்துவிடாமல் பிரேக்கை அமுக்கிக்கொண்டு, “நிப்பாட்டும்! நிப்பாட்டும்!” என்று பண்டா அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

புகைக்குள்ளிருந்து யாரோ கூவினார்கள்: “பிஸ்டன் வந்துருச்சு டோய்!”

பெரியதொரை இருமிக்கொண்டே வெளியே வந்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பிஸ்டன் இல்லாம இது எப்படி ஓடுது?”

எல்லோரும் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அப்போதும் சும்மா இருந்திருக்கலாம்.

“கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்போலங்க” என்றேன்.

காரை நிறுத்த ஒருவருக்கும் தைரியமில்லை. பண்டா அண்ணனை உள்ளே உட்காரவைத்து, எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, டாக்டரையா ஆபீஸுக்குப் போய்க் கொழும்புக் கூட்டாளிக்கு டெலிபோன் எடுத்தார். நாங்கள் வாசலில் நின்றோம். “உம்மட காரில பிஸ்டனைக் காணேல்லை எண்டு...” என்று இவர் ஆரம்பித்ததும், அந்தப் பக்கத்துச் சிரிப்பு எங்களுக்கே கேட்டது. டாக்டரையா வெகுநேரம் உம், உம் என்றார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது, ஊசி போட்டுக்கொள்ள வந்த நோயாளி மாதிரி இருந்தார்.

“இந்த எஞ்சினுக்குப் பிறவியிலேயே பிஸ்டன் இல்லையாம். வால்வும் இல்லையாம். உள்ளுக்கை முக்கோணமா ஒண்டு சுத்துதாம். ரோட்டரி எண்டு பேராம்.” பிறகு டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடாக முன்னம் நிப்பாட்டவே கூடாதாம். நிப்பாட்டினால் உள்ளுக்கை பெற்றோல் நிறைஞ்சு மூச்சடைச்சுப் போகுமாம். ஒருக்காச் செய்தாலே ஆபத்தாம்.”

மூன்று தரம் செய்திருந்தோம். பன்னிரண்டு எலுமிச்சம்பழம். டாக்டரம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்த நேரம் பார்த்துத் தேயிலை மலையின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்.

டாக்டரையா தொடர்ந்து சொன்னதுதான் என்னை ஒரேயடியாக மண்ணில் புதைத்தது. அப்படி மூச்சடைத்தால், பிளக்குகளைக் கழற்றிக் காயவைத்து, எஞ்சினைச் சுற்றி உள்ளே இருக்கிற பெட்ரோலை வெளியேற்றி, ஓட்டையில் கொஞ்சம் ஒயில் ஊற்றி, இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டுமாம். அதாவது, காலையிலிருந்து என் கைகள் செய்தது அத்தனையும் சரி. (ஈர்க்கைத் தவிர. ஈர்க்கைப் பற்றிக் கூட்டாளியிடம் டாக்டரையா சொல்லவில்லை.) வாய் மட்டும்தான் தனியாக வேலை பார்த்திருக்கிறது.

“பிள்ளை, உமக்குக் கை மட்டும் போதும்” என்றார் டாக்டரையா. “வாயைத் திறவாதையும்.”

பெரியதொரைக்கு ஒரு விஷயம் மட்டும் முடியவில்லை. விசாரணை என்று தொடங்கிவிட்டால் முடித்துவைக்க வேண்டுமே. “அப்ப ராமையா, நீ ராவு தூங்கினியா, இல்லையா?”

அப்பா என் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற இரகசியக் குரலில் கேட்டார்:

“இப்ப என்ன சொல்லணும் புள்ள?”

பெரியதொரை சிரித்ததை அந்தத் தோட்டத்தில் நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஜீப்பில் ஏறும்வரை சிரித்தார். ஏறிய பிறகும் தோள் குலுங்கியது.

லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாழைமலைத் திருப்பம் வந்ததும் கேட்டுவிட்டேன்.

“நீங்க தூங்கவே இல்லதானே? அப்புறம் ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

அவர் நடந்துகொண்டே சொன்னார். “ஒன்னு நான் தூங்கியிருக்கணும். இல்லாட்டி நீ படிக்காம இருந்திருக்கணும். நீ ஹட்டனுக்கு ஆறு மாசம் பஸ்ஸுல தொங்கிப் போயி வந்தத நான் பாத்தேன். நான் தூங்காதத யாரு பாத்தா?”

அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்த ஒரே இடம் அதுதான். திறந்திருந்தால் ஓவென்று அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு டாக்டரையாவின் கார் மூச்சடைத்த போதெல்லாம் ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிட்டார். நான் பேசாமல் போய், பேசாமல் பிளக் கழற்றி, பேசாமல் பூட்டிவிட்டு வந்தேன். அந்தக் கைராசியில் தலவாக்கலையில் ஒரு கராஜில் வேலையும் கிடைத்தது. ஆனால் தோட்டத்தில் என் பெயர் தனலெட்சுமி என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். ‘பிஸ்டன் தனம்’ என்றால்தான் தெரியும். யார் வீட்டில் என்ன தொலைந்தாலும், “ராமையா அண்ணே, நேத்து ராத்திரி தூங்கிட்டீங்களா?” என்று அப்பாவிடம் கேட்பார்கள். அவரும் சளைக்காமல், “மகளக் கேட்டுச் சொல்றேன்” என்பார்.

எனக்குக் கல்யாணமானது இரண்டாயிரத்துக்குப் பிறகு. மாப்பிள்ளை பூண்டுலோயாக்காரர். அவர் வீட்டாருக்கு இந்தக் கதை தெரியாது. தெரியக்கூடாது என்று என் அம்மா கோயிலுக்கு நேர்த்திக்கடன் வேறு வைத்திருந்தார். முகூர்த்த நேரத்தில் ஐயர் தாலியைக் கேட்கிறார், தட்டை எட்டிப் பார்த்த நான், “தாலியக் காணோம்!” என்று அலறிவிட்டேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். தாலி தொலைந்ததற்குச் சிரிக்கிற சனத்தை மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன் கண்டதில்லை. அவர்கள் முகம் வெளிறிப்போயிற்று. தாலி வெற்றிலைக்கு அடியில்தான் இருந்தது. அப்பா அதை எடுத்து ஐயரிடம் கொடுத்துவிட்டு, மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் காதுக்குக் குனிந்தார்.

“மாப்ள, இவ எதையாச்சும் காணோம்னு சொன்னா நம்பிருங்க. அது மொதல்ல இருந்துச்சான்னு அப்புறம் கேட்டுக்கலாம்.”

என் வீட்டுக்காரர் கல்யாணத்தில் பெரியவர்கள் சொன்ன புத்திமதி எல்லாவற்றையும் மறந்துவிட்டார், இதைத் தவிர. போன வாரம் கராஜ் சாவியைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். மனுசர் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நம்பிட்டேன்” என்றார். “இருந்துச்சா?”